7. பதினைந்து வீட்டுக்கு நாலு குமிழ்

கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது பேஸ்பால் மட்டை. அதைப் பிடித்திருந்த பெண் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தாள். மட்டை என் காதை உரசிக்கொண்டு போய்க் கதவுச் சட்டத்தில் இறங்கியது. உதிர்ந்த காரை என் காலருக்குள் போனது.

"வாடகை உதவி அலுவலகம்!" என்று கத்தினேன். "ஒருத்தர் வீட்டுக்குள்ள நாங்க வரணும்னாலே இருபத்திநாலு மணி நேரம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கறோம். அடிக்கறதுக்கும் அதையே கடைப்பிடிச்சா என்னவாம்?"

"வாயை மூடு மிலன்" என்றார் எனக்குப் பின்னால் நின்ற நெட்டா ப்ரூவிட். "யோலாண்டா, மட்டையைக் கீழ போடு. இவன் அடிக்கத் தகுந்தவன்தான், ஆனா இன்னிக்கு எனக்கு வேணும்."

க்ளீவ்லாந்தில் ஏழைகளின் வாடகையில் பெரும்பங்கை அரசு கட்டுகிறது. அதில் எவன் விளையாடுகிறான் என்று பார்ப்பது நெட்டாவின் வேலை. இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய பையைத் தூக்குவதும் முதல் அடியை வாங்குவதும் என் வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்தான்.

யோலாண்டா மட்டையை இறக்கினாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை கழுவுகிறவள்; கை அத்தனை வலு. "நேத்து எவனோ என் கதவுல செத்த புறாவை வெச்சு ஆணி அடிச்சுட்டுப் போயிருக்கான் மேடம். ரத்தம் இன்னும் போகல பாருங்க. டெவின் கொலை பண்ணலன்னு வராந்தால நின்னு கத்தினேன். அதுக்குப் பரிசு."

கதவின் நடுவில் ஆணித் துளை. அதிலிருந்து கீழே ஒரு பழுப்புக் கோடு. நெட்டா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மணி ஒன்று இருபது. நாலு மணிக்குள் நாங்கள் ஏதாவது கண்டுபிடிக்காவிட்டால் இந்த 403-க்குப் பக்கத்து வீடான 404-இல் இருக்கும் கெண்ட்ரா டிப்ஸும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஒன்பது நாள் முன்பு, இந்த ஹார்லோ கோர்ட் கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், படியில் லியோ கார்பிட் செத்துக் கிடந்தார். எங்கள் அலுவலக ஆய்வாளர். வருஷம் ஒரு முறை வீடு வீடாகப் போய் ஜன்னல், தண்ணீர், மின்சாரம், அடுப்பு எல்லாம் பார்த்து வீடு பாஸா ஃபெயிலா என்று எழுதுகிறவர். பின்மண்டை உள்ளே போயிருந்தது. மூன்று அடியாவது இருக்கும் என்றார்கள். பக்கத்தில் குழாய் திருகும் ஒரு பைப் ரென்ச், அதன் பிடியில் கெண்ட்ராவின் தம்பி டெவினின் பெயர் சுரண்டியிருந்தது.

லியோவின் டேப்லெட்டில் கடைசிப் பதிவு 11.25. '404. ஃபெயில். அடுப்பில் திருகும் குமிழ்கள் இல்லை.'

போன வருஷமும் 404-ஐ லியோ ஃபெயில் ஆக்கினார், உடைந்த ஜன்னலுக்காக. வீடு ஃபெயிலானால் வீட்டுக்காரனுக்கு அரசுப் பணம் நிற்கும். அவன் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அவ்வளவுதான். மூட்டை கட்டுவது குடியிருப்பவர்கள். கெண்ட்ரா குழந்தைகளோடு மூன்று வாரம் வீடற்றோர் விடுதித் தரையில் படுத்தாள். அன்றைக்கு டெவின் எல்லோர் முன்னாலும் லியோவைப் பார்த்து, "அடுத்த தடவை ஃபெயில் பண்ணினா மண்டையைப் பொளந்துடுவேன்" என்று கத்தினான். போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? சமையலறைத் தரையில் அவன் முகத்தை அழுத்திப் பிடித்து விலங்கு மாட்டினார்கள். சிறைக்குப் போன மூன்றாம் நாள் எவனோ அவன் தாடையை உடைத்தான். இப்போது கம்பி போட்டு வாயைக் கட்டியிருக்கிறார்கள். காகிதத்தில் ஒரே வரிதான் எழுதிக் காட்டுகிறான்: 'லியோ எங்க வீட்டுக்கு வரவே இல்லை.'

வீட்டில் ஒருவன் வன்முறை செய்தால் வீடு முழுவதற்கும் வாடகை உதவி நின்றுபோகும். அப்படி ஒரு விதி. அந்த விசாரணைதான் இன்றைக்கு நாலு மணிக்கு.

யோலாண்டாவின் சமையலறையில் நெட்டா நேராக அடுப்புக்குப் போனார். நாலு எரிவான். திருகும் இடத்தில் நாலு மொட்டைத் தண்டு. மேலே ஒரு குறடு.

"உன் வீட்லயும் கொறடுதானா?" என்றார்.

"ஏன், வேற யார் வீட்ல?"

"கெண்ட்ரா வீட்ல சூப்பு சுட வைக்கக் கொறடால திருகினா. 303ல தண்ணி கேட்டுப் போனேன், கொறடு. 202ல காபி குடுத்தாங்க, கொறடு. 101ல என்னன்னு பார்த்துட்டு வாடான்னு இவனை அனுப்பினேன்."

"101லயும் கொறடுதான்" என்றேன். "அந்த வீட்டு நாய் என் பேன்ட்ல பாதியை எடுத்துக்கிட்டு அந்தத் தகவலைக் குடுத்தது."

நெட்டா பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பினார். அன்று லியோ எடுத்த அடுப்புப் படங்கள். 101 முதல் 403 வரை பதினைந்து வீடு, பதினைந்து அடுப்பு. ஒவ்வொன்றிலும் நாலு குமிழ் பளபளவென்று இருந்தது.

"பதினஞ்சு வீட்லயும் குமிழ் இருக்கு, படத்துல. பார்த்த வீட்லயெல்லாம் கொறடு இருக்கு, நெஜத்துல. இதுல எது பொய் யோலாண்டா?"

நான் ஒரு படத்தைக் கையில் எடுத்தேன். மூன்றாவது குமிழில் சிவப்பாக ஒரு பொட்டு. அடுத்த படத்தில் மூன்றாவது குமிழில் அதே பொட்டு. அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் மெதுவாக யோலாண்டாவின் விரல்களைப் பார்த்தேன். நகப்பூச்சு, அதே சிவப்பு.

"கலர் நல்லா இருக்கு" என்றேன். "எந்தக் கடை?"

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முகம் வெளுத்துப் போனது.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களும் அந்த ஆபீஸ்தானே? சொன்னா பதினஞ்சு வீட்டையும் ஃபெயில்னு எழுதுவீங்க. எல்லாரும் தெருவுக்குப் போவோம். கெண்ட்ராவே வாயைத் திறக்கலையே! போலீஸ் போனதும் அவளே குமிழைக் கழட்டி எடுத்துட்டு வந்து என்கிட்ட குடுத்தா. 'இது எல்லார் வீட்டுதும், பத்திரமா வெச்சுக்கோ'ன்னா. தம்பியை இழுத்துட்டுப் போயி ஒரு மணி நேரம்கூட ஆகல."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி போய், வீடு போகப்போகிற நிலையிலும் பதினைந்து வீட்டுக்காக வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டில் ஒருத்தி சூப்பு சுட வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"உக்காந்தது போதும், மீதியையும் சொல்லு" என்றார் நெட்டா. குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"கட்டடத்துல நல்ல குமிழ் நாலே நாலு. கேட்டு எழுதிக் குடுத்தா மேனேஜர் ஃபைல்ல போட்டுக்கறார், குமிழ் வராது. அதனால வருஷா வருஷம் ஆய்வு அன்னிக்கு அந்த நாலும் ஆய்வாளருக்கு ஒரு வீடு முன்னாடி ஓடும். ஒரு வீட்டை முடிச்சுட்டு வராந்தால நின்னு அவர் எழுதுவாரு. அதுக்குள்ள பின்பக்கம் தீப்பிடிச்சா இறங்கற இரும்புப் படி வழியா அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போயிடும்."

"ஜன்னலை மட்டும் கழட்டிட்டு ஓட முடியல, பாவம்" என்றேன்.

"அதனாலதான் கெண்ட்ரா போன வருஷம் மாட்டினா."

"அன்னிக்கு உன் வீட்டுக்கப்புறம்?" என்றார் நெட்டா.

"லியோ என் வீட்டை விட்டுப் போறப்ப பதினொண்ணு அஞ்சு. நான் உடனே ஜன்னல் வழியா டெவின் கையில குடுத்தேன். என் கண்ணு முன்னாடி நாலையும் மாட்டினான். 'இந்த வருஷம் நாம பாஸு'ன்னு சிரிச்சான். பாவி."

நெட்டா இன்னொரு படத்தை உருவினார். போலீஸ் எடுத்தது. தரையில் டெவினின் முகம், மூக்கிலிருந்து ரத்தம், கன்னத்தில் ஒரு பூட்ஸ் கால். அந்தப் படத்தைப் பத்து பேராவது பார்த்திருப்போம். எல்லோரும் ரத்தத்தைப் பார்த்தோம். மேலே ஓரத்தில் அடுப்பு இருந்தது. அடுப்பில் நாலு குமிழ், மூன்றாவதில் சிவப்புப் பொட்டு.

"லியோவோட டேப்லெட்ல பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு 'குமிழ் இல்லை'ன்னு எழுதினது லியோ இல்ல, அவரைக் கொன்னவன். அவன் 404க்குள்ள காலே வைக்கல" என்றார் நெட்டா. "அதனாலதான் லியோவோட படங்கள்ல 404 மட்டும் கிடையாது. இந்தக் கட்டடத்துல குடியிருக்கற எவனும் அப்படி எழுதவும் மாட்டான். ஆய்வு அன்னிக்குக் குமிழ் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆளு யாரு?"

"மேனேஜர்" என்றேன். "ஆனா பாஸ், காலையில அவர் சொன்னதும் நியாயம்தானே?"

காலையில் கீழே அலுவலகத்தில் மேனேஜர் வேட் ஹார்மன் எங்களுக்கு டோனட் கொடுத்து உட்கார வைத்திருந்தார். கெண்ட்ரா குமிழ் கேட்டு எழுதிய பதினோரு கடிதத்தையும் தானாகவே எடுத்துக் காட்டினார். "அந்த வீட்ல குமிழ் இல்லைன்னு எனக்கே தெரியும் மேடம். லியோ சரியாத்தான் எழுதியிருக்கார். ஃபெயிலானா நஷ்டம் எனக்கு. என் வீட்டை நானே ஃபெயில் பண்ணிப்பேனா?" என்று சிரித்தார். நான் இரண்டாவது டோனட்டை எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

"அந்த ரென்ச்?" என்றார் நெட்டா.

யோலாண்டா கொதித்தாள். "பாய்லருக்கு வேணும்னு மேனேஜர்தான் டெவின்கிட்ட வாங்கிட்டுப் போனார். ரெண்டு வாரமா திருப்பித் தரல. கெண்ட்ரா போலீஸ்ல மூணு தடவை சொன்னா. அக்கா தம்பிக்காக அப்படித்தான் பேசுவான்னுட்டாங்க."

"404க்கு அப்புறம் குமிழ் எங்க போகணும்?"

"எங்கயும் போகாது. அதோட முடிஞ்சுது. அஞ்சாவது மாடியில யாரு இருக்கா? போன குளிர்ல கூரை ஒழுகி எல்லாரும் போயிட்டாங்க. மேனேஜர் கதவைப் பூட்டிட்டார். புறாதான் இருக்கு."

நெட்டா என்னைப் பார்த்தார். நான் கதவின் ஆணித் துளையைப் பார்த்தேன்.

"மிலன், லிஸ்டைப் படி."

படித்தேன். "501, ஆக்னஸ் ரூர்க், வயசு எண்பத்தொண்ணு. 502, 503, 504... நாலு வீடு, ஒம்பது பேரு. போன மாசம் வரைக்கும் நாம வாடகை கட்டியிருக்கோம் பாஸ்."

"புறாவுக்கு" என்றார் நெட்டா. "வாங்கிப் பையில போட்டுக்கிட்டது மேனேஜர். யோலாண்டா, அந்தக் கொறடைக் குடு."

ஐந்தாவது மாடிக் கதவின் பூட்டு பெரியது. ஆனால் கொண்டியைப் பிடித்திருந்தது நாலு துருப்பிடித்த திருகாணி. குறடு மூன்று நிமிஷத்தில் வேலையை முடித்தது. உள்ளே எச்ச நாற்றம் முகத்தில் அடித்தது. 501-இன் கதவு தாழில்லாமல் கிடந்தது.

அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம், தரையெல்லாம் இறகும் எச்சமும். ஒரு மூலையில் மட்டும் பாய் அளவுக்குத் தரை பளிச்சென்று இருந்தது. ப்ளீச் வாடை.

"ஆக்னஸ் பாட்டி எண்பத்தொரு வயசுல நல்லாவே வீடு பெருக்கறாங்க" என்றேன். "ஆனா ஒரே மூலையை மட்டும்."

நெட்டா என் தோளை அழுத்தினார். சுவரில், தரைக்கு ஒரு சாண் மேலே, பிளக்கில் கட்டைவிரல் அளவு ஒரு சின்னப் பெட்டி சொருகியிருந்தது. அதில் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் வீட்டுக்கு வீடு சொருகிப் பார்ப்பது. அதன் முதுகில் லியோவின் பெயர் ஒட்டியிருந்தது.

ஒன்பது நாளாக அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ரத்தத்தைக் கழுவியவன் பிளக்கைப் பார்க்கவில்லை.

"டெவின் போன வருஷம் போட்ட கூச்சல் லியோவுக்கு மறக்கல" என்றார் நெட்டா மெல்ல. "404ஐக் கடைசியில பார்த்துக்கலாம்னு மேல வந்துட்டார். மேனேஜர்தான் பூட்டைத் திறந்துவிட்டிருக்கணும். இங்க வந்து குனிஞ்சு இதைச் சொருகறார். பின்னால..."

பின்னால் பலகை கிறீச்சிட்டது. திரும்பினேன். சுத்தியல் என் தலைக்கு வந்துகொண்டிருந்தது. தலையை நகர்த்தினேன். தோளை நகர்த்த நேரமில்லை. காறை எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. அப்படியே எச்சத்தில் விழுந்தேன். புறாக்கள் ஒரேயடியாகப் பறந்தன.

வேட் ஹார்மன் என் மேல் ஏறி மிதித்துக்கொண்டு நெட்டாவிடம் போனார். நெட்டா அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். சுத்தியல் விழுந்தது. மறு கையால் அவர் நெட்டாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துத் தலையை ஒரு முறை மோதினார், இன்னொரு முறை மோதினார். நெட்டாவின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"என்ன கண்டுபிடிச்சே, கிழவி?" என்று மூச்சிரைத்தார். "பதிவுல ஃபெயில்னு இருக்கு. எவனாவது தன் வீட்டைத் தானே ஃபெயில் பண்ணுவானா? சொல்லு! எந்த ஜட்ஜ் நம்புவான்?"

"அதைத்தான்... எல்லாரும் நம்பினாங்க" என்றார் நெட்டா, தொண்டை நெரிய. "ஒரு வீட்டைத் தோத்து... நாலு வீட்டைக் காப்பாத்திக்கிட்டே. ஆனா 404ஐ நீ... காகிதத்துல மட்டும்தான் பார்த்தே. அன்னிக்கு அங்க... குமிழ் இருந்துதுடா."

வேட்டின் கை ஒரு கணம் தளர்ந்தது. அவர் முகத்தில் அப்போது வந்தது பயம்கூட இல்லை, குழப்பம். மூன்று வருஷமாகத் தான் வாங்கிப் போடாத குமிழ் எப்படி அங்கே இருக்கும் என்று யோசித்தார். அந்த ஒரு கணத்தில் நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு கெண்டைச் சதையில் பல்லை இறக்கினேன். அலறிக்கொண்டு என் முறிந்த தோளில் உதைத்தார். எனக்குக் கண் இருட்டியது.

இருட்டுக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. மத்தியானம் கதவுச் சட்டத்தில் கேட்ட அதே சத்தம், இந்தத் தடவை கொஞ்சம் ஈரமாக.

கண்ணைத் திறந்தேன். வேட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்தார். கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. யோலாண்டா மட்டையோடு நின்றாள்.

"இது புறாவுக்கு" என்றாள். அவர் சுத்தியலுக்குக் கையை நீட்டினார். மட்டை முழங்கையில் இறங்கியது. "இது லியோவுக்கு. டெவினோட தாடை இன்னும் பாக்கி இருக்கு. அசையாதே."

அவர் அசையவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றேன் யோலாண்டாவிடம், தரையிலிருந்து. "மத்தியானம் நீங்க என்கிட்ட எவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டீங்கன்னு இப்பத்தான் புரியுது."

போலீஸ் வந்து வேட்டைத் தூக்கிக்கொண்டு போக மூன்றரை ஆனது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றேன். நெட்டாவின் கழுத்துத் துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு விசாரணை அறைக்குள் போனபோது மணி நாலு ஏழு.

விசாரணை அதிகாரி ஆஸ்ட்பி ஏற்கெனவே பேனாவைத் திறந்திருந்தார். எதிரே கெண்ட்ரா, சர்ச்சுக்குப் போகிறவள் மாதிரி நல்ல உடையில், இரண்டு பெண்களையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெட்டாவின் ரத்தத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

நெட்டா சுருக்கமாகச் சொன்னார். ஆஸ்ட்பி கேட்டுக்கொண்டார். வறண்ட மனுஷன், ஆனால் முட்டாள் இல்லை.

"மேனேஜர் கைதாயிட்டார், சரி. ஆனா பதிவு பதிவுதான். பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு 404ல குமிழ் இருந்துதுன்னு யாரு சாட்சி?"

யோலாண்டா முன்னால் வந்தாள். கையோடு கொண்டுவந்த மாவு டப்பாவைத் திறந்து, நாலு குமிழையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். கெண்ட்ரா பதறினாள்.

"வேண்டாம் யோலி! உன் வீடும் போயிடும்!"

"உக்காரு நீ."

ஆஸ்ட்பி குமிழ்களைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். "இதை நான் எழுதினா 403ம் ஃபெயில்னு அர்த்தம். புரியுதாம்மா?"

"புரியுது. எழுதுங்க."

"வேற எந்தெந்த வீட்டுக்குப் போச்சு?"

"என் வீட்டுக்கு மட்டும்தான்" என்றாள் யோலாண்டா, பதினைந்து படமும் அவர் கையில் இருக்கும்போதே. இத்தனை மோசமான பொய்யை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. தோள் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது கதவு திறந்தது. 101-இன் கிழவர் நாயோடு நின்றார். கோட்டுப் பையிலிருந்து குறடை எடுத்து மேசையில் போட்டார். "101" என்றார். பின்னால் வந்த பெண், "202" என்று ஒரு குறடைப் போட்டாள். "303." "301." வாசலுக்கு வெளியே நடைவழி நெடுக ஆட்கள் நின்றார்கள். வேலை உடையில், செருப்பில், ஒருத்தி தலையில் துண்டோடு. ஆஸ்ட்பியின் மேசையில் கோப்பு வைக்க இடமில்லாமல் போனது.

அவர் குறடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு கெண்ட்ராவின் கோப்பை எடுத்து எழுதினார். "404க்கு வாடகை உதவி தொடரும்." பேனா நிற்கவில்லை. "மத்த வீடெல்லாம் ஃபெயில். அதை நான் மாத்த முடியாது. ஆனா ரிப்பேருக்கு முப்பது நாள் கெடு கட்டட முதலாளிக்குத்தான், இவங்களுக்கு இல்ல. அதுவரைக்கும் ஒருத்தரும் காலி பண்ண வேண்டாம். முப்பத்தோராவது நாள் குமிழ் இல்லைன்னா நானே வாங்கிட்டு வரேன்."

"திருகற பக்கம் எதுன்னு தெரியுமா சார்?" என்றேன். நெட்டா என் முறியாத தோளில் அடித்தார்.

பிறகு நெட்டா சிறைக்குப் போன் போட்டு, யாரையோ இரண்டு தடவை மிரட்டி, கெண்ட்ராவிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டெவின், வீடு போகலடா. நீ வெளியே வரப்போறே."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. தாடையில் கம்பி.

"கேட்டுதா? கேட்டா ஒரு தட்டு தட்டு."

ஒரு தட்டு கேட்டது. அப்புறம் இன்னொன்று. கெண்ட்ரா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். அறையில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. காவலர் போதும் என்று சொல்லும்வரை டெவின் தட்டிக்கொண்டே இருந்தான்.